தராசா? தோஷமா?

எட்டாம் மாதக் குழந்தை தங்காது, ஏழாம் மாதக் குழந்தை தங்கும் என்கின்ற பேச்சு நம் கிராமங்களில் இன்னும் சாகவில்லை. ஒரு மாதம் அதிகமாய் வயிற்றில் வளர்ந்த பிள்ளை எப்படி அதிக பலவீனமாகும் என்று கேட்டால், "பெரியவர்கள் சொன்னது" என்பதே சமாதானம். ஒவ்வொரு வாரம் கூடுந்தோறும் பிழைக்கும் வழியும் கூடுகின்றது என்பதே வைத்தியர்கள் கண்ட உண்மை.

ஒரகடத்துக்கு அடுத்த வடக்குப்பட்டில் 2022-ம் வருஷம் தொல்லியல் துறையார் மண்ணைத் தோண்டிக் கற்கருவிகளை எடுத்தார்கள். பழமையானது என்பதற்காக அந்தக் கல்லால் இன்று யாராவது காய் நறுக்குகிறார்களா? மோட்டார் ஆலைகளுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, பிள்ளை விஷயத்தில் மாத்திரம் கற்காலத்துக்குப் போவானேன்?

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். அக்குழந்தை முதல் சில நாள் எடை குறைவது இயற்கை. சுமார் இரண்டு வாரத்தில் பிறந்த எடையை மீண்டும் எட்டவேண்டும். பிறகு ஒன்றரைக் கிலோக் குழந்தையானால் தினம் சுமார் 25 கிராம் ஏறவேண்டும். ஏறாவிட்டால் பால் போதவில்லை, குளிர் தாக்கியது அல்லது நோய் புகுந்தது என்று சந்தேகித்து உடனே டாக்டரிடம் ஓடவேண்டும். இதைக் காட்டிக்கொடுப்பது தராசு.

நம்மவர்கள் செய்வதென்ன? "பட்சி தோஷம்" என்று மந்திரிப்பவனிடம் ஓடுகிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், கழுதைப்பால் புகட்டுகிறார்கள். நிறுத்துப் பார்த்தால் கண்பட்டுவிடுமாம்! குழந்தை பிழைத்தால் மந்திரத்தின் மகிமை, செத்தால் தலைவிதி. இரண்டிலும் தட்சணை மாத்திரம் திரும்பி வருவதில்லை. இதைவிட யோக்கியமற்ற வியாபாரம் வேறு உண்டா?

1978-ல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற டாக்டர் குறைமாதக் குழந்தைகளைத் தாய்மார்களின் மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைக்கச் செய்தார். பிறந்தவுடனே இதைத் தொடங்கி, தினம் 8 மணிக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், 2022 முதல். இதற்கு ஓமமும் வேண்டாம், புரோகிதனும் வேண்டாம். தாய் களைத்தால் தகப்பன் மார்பும் உதவும். ஆண்பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில் கிராமத்துப் பெண்களே மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து அட்டையில் கோடு போட்டார்கள். அறிவு எந்த ஜாதிக்கும் சொந்தமல்ல என்பதற்கு வேறு ருசு வேண்டுமா? ஒன்று மாத்திரம் கவனிக்கவேண்டும்: குறைமாதக் குழந்தையின் வயதை, இரண்டு வருஷம் வரை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே எண்ணி அட்டையைப் பார்க்கவேண்டும். ஜோசியன் கேட்பது பிறந்த நாழிகை; டாக்டர் கேட்பது எத்தனை வாரம் என்று. எந்தக் கேள்வி பிள்ளையைக் காக்கும்?

தோழர்களே! ஜாதகத்தை மூடுங்கள், அங்கன்வாடித் தராசைத் தேடிப் போங்கள்.