கும்பிட ஆளில்லாத தெய்வங்கள்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் கிரேக்கக் கவிஞன் ஹெஸியொட்டைப் பற்றி ஒருவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். நல்ல பேச்சுத்தான். முடிவில் நான் எழுந்து, "எங்கள் தோட்டங்களில் பாடும் காமன் கூத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "அது சடங்கு சேர், இது இலக்கியம்" என்றார். சபை சிரித்தது.

யார் இந்த ஹெஸியொட்? கி.மு. 700 அளவில் வாழ்ந்த குடியானவன். ஹெலிகன் மலையடியில் ஆடு மேய்க்கும்போது கலைத் தேவதைகள் தனக்குப் பாட்டைத் தந்ததாகச் சொல்கிறான். தன் கிராமம் மாரியிலும் கொடியது, கோடையிலும் கொடியது என்று ஏசுகிறான். வட்டவளை மழையில் நனைந்தவனுக்கு அவனை உடனே பிடித்துவிடும். 'தியோகொனி' என்னும் அவனது ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் தெய்வங்கள் பிறக்கின்றன. மகன் தகப்பனை வெட்டுகிறான். தகப்பன் பிள்ளைகளை விழுங்குகிறான். ஆதியில் தோன்றியவர்களுள் ஒருவன் ஈரோஸ், காதலின் தெய்வம்.

எங்கள் காமனும் அந்த உத்தியோகந்தான் பார்க்கிறான். மாசியில் லயத்தருகே கம்பம் நட்டு, தப்படித்து, இரவிரவாகப் பாடுகிறார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் கணவனை ரதி தடுக்கிறாள். அவன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி எழுப்பப்படுகிறான். காதலுக்கு ஏன் உருவமில்லை என்பதற்கு இப்படியொரு விடை ஹெஸியொட்டிடம் இல்லை.

பிறகு ஏன் அது இலக்கியம், இது சடங்கு? ஸீயஸுக்குப் பலி கொடுத்தவர்கள் என்றோ மறைந்துவிட்டார்கள். ஆகவே அவன் கதையை அச்சமின்றி ரசிக்கலாம். காமனைக் கும்பிடுகிறவனோ விடிந்தால் பெரட்டுக்குப் போகிறான். செத்தவன் பாட்டு காவியம், கூலிக்காரன் பாட்டு சத்தம்! ஹெஸியொட்டின் பாட்டும் ஒருகாலத்தில் சபையில் பாடப்பட்டதுதான். எழுதிவைத்ததால் பிழைத்தது.

பிற சமயத்தாரின் தெய்வப் பாட்டு நமக்கெதற்கு என்போரும் உண்டு. பக்தாதின் மொழிபெயர்ப்பாளர்கள் அரிஸ்டோட்டிலையும் கலெனையும் அரபுக்குக் கொண்டுவந்தார்கள். தெய்வக் கதை நிறைந்த காவியங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இலியட் முழுமையாக அரபு நூலாக வந்தது 1904இல், சுலைமான் அல்-புஸ்தானியின் கையால். ஆயிரம் வருடத் தாமதம். ஏட்டில் இருந்ததால் இலியட் காத்திருந்தது. எங்கள் கூத்துப் பாட்டு காத்திராது.

எங்கள் டிவிசனின் கூத்து வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பாட்டில் பாதி ஒரு சீ.ஆர். கொப்பியில், மீதி அவர் தலையில். பேரன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். அவருக்குப்பின் தொகுத்தவர்கள் சிலர், பாட்டுகளோ ஏராளம். இந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு கொப்பியும் சில இரவுகளும் போதும்.

வருகிற மாசிக்கு வாருங்கள். அன்று பேசியவரும் வரட்டும். இதுவரை நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். மீதியை எழுத என் இரு கை போதாது.