பெரிய எழுத்தும் உரத்த குரலும்

நம் சங்கங்களிலிருந்து வெளியூர் வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் செல்லும் மின்னஞ்சல்கள் பல, முதலிலிருந்து முடிவு வரை பெரிய எழுத்துக்களிலேயே அமைந்துள்ளன. தந்தி எழுதிப் பழகிய கை போலும்! நம் நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை. மின்னஞ்சலில் அது கூச்சலிடுவதற்கு ஒப்பாகும் என்று 1995ஆம் ஆண்டில் வெளியான இணைய நாகரிக நெறிமுறைகளே கூறியுள்ளன. சேலைப் பாக்கியைப் பணிவுடன் கேட்டு நாம் எழுதியதை, சண்டைக்கு அழைப்பதாக ஒரு வியாபாரி கருதிவிட்டார். பணம் வந்து சேர இரண்டு மாதமாயிற்று. அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாமையால் இவ்விஷயம் நமக்கு எளிதில் விளங்குவதில்லை. ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்தும், ஆள், ஊர், மாதம், கிழமை ஆகியவற்றின் பெயர்களில் முதலெழுத்தும் பெரியனவாக இருந்தால் பெரும்பாலும் போதும். பான் எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு போன்றவற்றை மட்டும் முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுக. (அக்குறியீட்டின் ஐந்தாம் இடத்தில் இருப்பது பூஜ்யம், 'ஓ' அன்று.) கடவுச்சொல்லில் எழுத்தை மாற்றி அடித்தாலோ கணக்கே திறவாது. அடுத்த பாக்கிக் கடிதத்தை அடிக்குமுன், விசைப்பலகையின் இடப்புறத்திலுள்ள பெரிய எழுத்துப் பூட்டு விசையைக் காரியதரிசிகள் ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.