ரேடார் சொல்லும் மழை

2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் எழுவர் மாண்டனர். இன்று வானம் கறுத்தாலே கைப்பேசியில் ரேடார் படத்தைத் தேடுகிறோம். நல்லதுதான். ஆனால், ரேடார் மழையை நேராக அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையைத்தான் அளக்கிறது. மில்லிமீட்டர் என்பது சூத்திரம் போடும் கணக்கு.

1948இல் மார்ஷலும் பால்மரும் கனடாவில் கண்ட சூத்திரப்படி, 40 டிபிஇசட் எதிரொலிக்கு மணிக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் மழை. வெப்பமண்டல மழைக்கென வகுத்த சூத்திரத்திலோ ஏறக்குறைய 22! எது சரியென்று தரையிலுள்ள மழைமானிதான் சொல்ல வேண்டும். கொடிமலையில் கொட்டும் நீர் ஆயர் ஈத்தாம் வழியாகச் சுங்கை பினாங்கில் இறங்க நெடுநேரம் ஆகாது. கணக்குப் பாதியானால் எச்சரிக்கையும் பிந்தும்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மானிகள் இருக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நம்மூர் இடிமழை ஒரு தாமானில் கொட்டும். அடுத்த தாமானில் துணி காயும். ஆகவே, தீவின் தமிழ்ப்பள்ளித் திடல்களில் தானே பதியும் மழைமானிகளை நம் கழகம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. (கலை இரவின் மேடை அலங்காரத்தைச் சற்றுக் குறைத்தால் போயிற்று!) அந்த அளவுகளை ரேடார் படத்தோடு ஒப்பிடும் வேலையைப் பொறியியல், புவியியல் மாணவர்கள் ஏற்கட்டும். முதல் மானிக்கு என் பங்கைத் தருகிறேன்.