"முகம் இருட்டாக இருக்கிறதே!"



புறப்பாட நடவடிக்கையாக ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஜோர்ஜ் டவுன் குட்டி இந்தியாவுக்கு ஒரு காலைப் பொழுதில் அழைத்துச் சென்றிருந்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கைப்பேசிகளைக் கொண்டு ஆளுக்கு ஐந்து ஒளிப்படங்கள் எடுக்க வேண்டும் என்பதே பணி. (புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் எனத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஒளிக்கும் நிழலுக்கும் இடமளித்த நம் மொழியில் புகை எப்படி நுழைந்தது என்பதை இன்னொரு நாள் பேசலாம்.)

மறுநாள் படங்களை வகுப்பறைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு மாணவன் குயின் வீதியில், கடையின் அஞ்சடியில் அமர்ந்து மாலை தொடுக்கும் அம்மையார் ஒருவரை எடுத்திருந்தான். பின்னால் வெயிலில் வீதி வெளுத்துக் கிடந்தது. அம்மையாரோ கருநிழலாகத் தெரிந்தார். "முகம் இருட்டாக இருக்கிறதே!" என்று கூறிவிட்டு அடுத்த படத்துக்குச் சென்றேன். வகுப்பு சிரித்தது.

ஓய்வு நேரத்தில் அவன் என்னிடம் வந்தான். "டீச்சர், நான் முகத்த எடுக்கல. நூல எடுத்தேன்," என்றான். படத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். இருண்ட இரு கைகளுக்கிடையே, பின்னொளி பட்டு, நூல் ஒன்று பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வயதைக் கடந்த ஆசிரியைக்கு அது தெரியவில்லை; பதினோரு வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படத்தில் குறையே இல்லை என்று நான் கூறவில்லை. வலப்பக்க ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் பாதி துருத்திக்கொண்டு நின்று, கண்ணை நூலிலிருந்து இழுத்துச் சென்றது. அவனுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய கருத்து அதுதான். அவன் எதை எடுக்க முனைந்தான் என்று முதலில் கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். கேட்காமல் தீர்ப்பு வழங்கியதால், இல்லாத குறையைச் சுட்டி, இருந்த குறையைத் தவறவிட்டேன்.

ஒளியைப் பற்றிப் பேசுமுன் நாம் கொஞ்சம் கற்றுக்கொள்ளவும் வேண்டும். கைப்பேசிக் கருவி பெரும்பாலும் சட்டகம் முழுவதிலும் உள்ள ஒளியைக் கணக்கிட்டே படத்தின் வெளிச்சத்தை முடிவு செய்கிறது. பின்னணி மிக வெளிச்சமாக இருந்தால் முன்னே இருப்பவர் கறுத்துவிடுவார். முகம் தெரிய வேண்டுமென்றால் திரையில் முகத்தைத் தொட்டுச் சரிசெய்யலாம்; அல்லது ஓரடி நகர்ந்து ஒளி பக்கவாட்டில் விழுமாறு நிற்கலாம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து பாகையில் இருப்பதால் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு மேலிருந்தே இறங்குகிறது; கண்குழிகளிலும் மூக்கின் கீழும் நிழல் கட்டுகிறது. பள்ளித் திடலில் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை நிறுத்திக் குழுப்படம் எடுத்துவிட்டு, கருவி சரியில்லை என்று நாமே குறைபட்டுக்கொள்வதும் உண்டு! அதே நேரத்தில் கடைவீடுகளின் அஞ்சடிக்குள் ஓரடி நுழைந்தால் மென்மையான ஒளி கிடைக்கும்.

பெற்றோரிடம் எனக்கு வேறொரு மனக்குறை உண்டு. பிள்ளை எடுத்த படம் எதுவாயினும் "சூப்பர்!" என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான், எனினும் அச்சொல்லைக் கேட்ட பிள்ளை அடுத்த படத்தில் எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று அறிவதில்லை. என் "இருட்டு" எவ்வளவு பயனற்றதோ அவ்வளவு பயனற்றது இந்தச் "சூப்பர்".

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய முறை ஒன்று இதற்கு உதவுகிறது. பார்த்தவர்கள் தம் மனத்தில் பதிந்ததை முதலில் கூறுவர். பிறகு படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள், உள்ளே கருத்தைத் திணிக்காத வினாக்களை எழுப்புவர். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்பது வினா வேடமிட்ட தீர்ப்பு, "ஒளி எங்கிருந்து வந்தது?" என்பதே வினா. படைத்தவர் இசைந்தால் மட்டுமே இறுதியில் கருத்து. நடனத்துக்கு அமைந்த இம்முறையை ஒளிப்படத்துக்கும் தமிழ்க் கட்டுரைக்கும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். நேரம் பிடிக்கிறது என்பது உண்மை. ஒரு பாடவேளையில் நான்கு படங்களைத் தாண்ட முடிவதில்லை.

'தேர்வில் வராத ஒளிப்படத்துக்கு இத்தனை பாடா?' என்று சிலர் எண்ணக்கூடும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின், வகுப்பறைசார் மதிப்பீட்டில் ஆசிரியரின் சொல்லுக்கு எடை கூடியிருக்கிறது. பிள்ளையின் படைப்பைப் பார்த்துப் பேசத் தெரியாத நாம் அடைவு நிலையை மட்டும் எப்படிச் சரியாகக் குறிப்போம்?

கருத்தைப் பெறுவது கொடுப்பதைவிடக் கடினம். தைப்பூசத்தன்று நான் எடுத்த வெள்ளி இரதப் படத்தை மாணவர்முன் வைத்தேன். "டீச்சர், தேர விட முன்னால இருக்கிறவங்க தலைதான் பெருசா தெரியுது," என்றாள் ஒரு மாணவி. கூட்டம் நெருக்கியது, கை நடுங்கியது என்று விளக்க வாய் எடுத்தேன். ஆனால் படத்தைப் பார்ப்பவரிடம் போய் என் நெருக்கடியைக் கூறிக்கொண்டிருக்க முடியாதே! அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு விதி: கருத்தைக் கேட்பவர் ஒரு நிமிடம் மறுமொழி கூறக் கூடாது. அது எனக்கும் பொருந்தும்.

மாலை தொடுக்கும் படத்துக்கு வருகிறேன். வகுப்பினர்முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, படத்தை மீண்டும் காட்டினேன். நூலைப் பலர் இப்போது கண்டார்கள். மோட்டார் சைக்கிளையும் கண்டார்கள். ஓரத்தை வெட்டிவிடலாமா என்று ஒருவன் கேட்டான். எடுத்த படத்தை வெட்டுவதை விரும்பாத ஹென்றி கார்த்தியே-பிரெசோனே, பாரிசில் 1932-இல் எடுத்த, தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரின் படத்தில், மறைத்து நின்ற வேலியை நீக்க ஓரத்தை வெட்டியிருக்கிறார் என்று சொன்னேன். படத்துக்குரியவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை தந்தையோடு அதே கடைக்குப் போய், அம்மையாரிடம் கேட்டுவிட்டு, இரண்டடி இடப்பக்கம் நின்று எடுத்து வந்தான்.

மோட்டார் சைக்கிள் இல்லை. முகம் இருட்டாகவே இருக்கிறது. இரண்டு படங்களையும் வகுப்பறைச் சுவரில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கிறோம். பெற்றோர் பள்ளிக்கு வரும்போது பார்க்கலாம்.