சுவருக்கு எந்த நிறம்?



வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு நாங்கள் 2014 ஆம் ஆண்டு குடிவந்தோம். சுவர்கள் பல வருடங்களாக வெறும் சீமெந்துப் பூச்சோடேயே இருந்தன. காசில்லாதது ஒரு காரணம். மற்றது மாமி. "அவன் வரட்டும் பிள்ளை. வந்து தனக்குப் பிடிச்ச நிறத்தை அடிக்கட்டும்" என்பா. 2009 இல் காணாமற்போன என் கணவரைத்தான் சொல்லுவா. அதற்கு மேல் நான் வாய் திறப்பதில்லை.

மகள் உயர்தரம் படிக்கத் தொடங்கியபோதுதான் யோசித்தேன். அவளுடைய அறையில் பகலிலும் லைற் போடவேண்டியிருந்தது. சாம்பல் நிறச் சுவர் வெளிச்சத்தை உறிஞ்சிவிடுகிறது.

பெயின்ற் கடையில் நிற அட்டையைக் காட்டி விளக்கினார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புச் சார்ந்தவை சூடான நிறங்கள். நீலம், பச்சை சார்ந்தவை குளிர்ந்த நிறங்கள். இது கண்ணுக்கும் மனதுக்கும் தோன்றுவதுதான். பச்சை அடித்தால் அறையின் வெக்கை குறைந்துவிடாது. ஆனால் எந்த நிறமானாலும் வெளிறியதாக இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.

மகளின் இருண்ட அறைக்கு வெளிர் மஞ்சள் எடுத்தேன். பின்னேர வெயில் படும் மேற்குப் பக்க அறை மாமியுடையது. அதற்குக் குளிர்ந்த நிறம் வேண்டும். நீலத்தை நான் பார்க்கவேயில்லை. தறப்பாளுக்குக் கீழ் இருந்த நாட்கள் போதும். அன்றிரவு மாமியிடம், "அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் மாமி?" என்று கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "நாற்று நிறம்" என்றா. அந்த இளம்பச்சையையே அடித்தோம். மாமி தானே கட்டிலை நகர்த்தித் தந்தா.

நீங்களும் பெயின்ற் அடிப்பதாயின் சிலவற்றைக் கவனியுங்கள். புதிய பூச்சு நன்றாகக் காய ஒரு மாதமாவது விடுங்கள். முதலில் சிறிய அளவு வாங்கி, சுவரில் இரண்டு அடிக்கு அடித்து, காலையிலும் பின்னேரத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். அட்டையில் மெல்லியதாகத் தெரியும் நிறம் முழுச் சுவரிலும் கடுமையாகத் தெரியும். ஒரு லீற்றர், ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்குக் காணும். பத்துக்குப் பத்து அறை 9 அடி உயரமென்றால், கதவு யன்னல் கழித்து, இரண்டு பூச்சுக்கு 6 அல்லது 7 லீற்றர் தேவைப்படும்.

எல்லா அறையையும் ஒரேயடியாக முடிக்கவேண்டுமென்றில்லை. எங்கள் குசினி இன்னும் சீமெந்துதான். காசு சேர்ந்ததும் அதையும் அடிப்போம். நிறத்தை இம்முறை மாமி சொல்லட்டும்.