அளவுகோல் தந்த அம்மையார்

தெற்கு வானத்தில் ஒரு விந்தை இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, டெலஸ்கோப் வேண்டும். 1826-ம் ஆண்டில் ஜேம்ஸ் டன்லப் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து அதைக் கண்டார். இன்று அதன் பெயர் "என்.ஜி.சி. 1365".

அது ஒற்றை நட்சத்திரம் அல்ல. கோடானு கோடி நட்சத்திரங்களின் கூட்டம்! நடுவில் உலக்கையைப் படுக்க வைத்ததுபோல் ஒளிப் பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கரங்கள் வளைந்து செல்கின்றன. நம் சூரியன் இருக்கும் பால்வீதியின் நடுவிலும் ஓர் உலக்கை உண்டு.

அதற்கு அண்டை வீட்டாரும் உண்டு. அந்தத் தெருவுக்கு "போர்னாக்ஸ்" என்று பெயர். லத்தீன் மொழியில் உலை என்று அர்த்தம். அங்கே ஒருவருக்குக் கரங்களே இல்லை. உருண்டையாக நடுவில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் சின்னக் கூட்டங்களை விழுங்கியவர். விழுங்கிய அடையாளமாகத் தூசிக் கோடுகள் இன்னும் தெரிகின்றன!

எவ்வளவு தூரம்? ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டு. ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். அப்படி ஓடியும் நம்மிடம் வந்து சேர 6 கோடி ஆண்டு. இன்று நாம் காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது பூமியில் மனிதனே கிடையாது.

இந்தத் தூரத்தை யார் நூல் பிடித்து அளந்தார்கள்?

அளவுகோலைக் கொடுத்தவர் ஒரு பெண். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஹென்ரியட்டா லீவிட் அம்மையார். கூலி மணிக்கு 30 சென்ட். கண்ணாடித் தகடுகளில் பிடித்த படங்களைப் பார்த்து நட்சத்திரங்களைக் கணக்கெடுப்பது அவர் வேலை. சில நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடும், குறையும், மீண்டும் கூடும். கூடிக் குறைய அதிக நாள் எடுக்கும் நட்சத்திரமே உண்மையில் அதிகப் பிரகாசமானது என்று 1912-ல் அவர் காட்டினார். விளக்கின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா?

அந்த முறையைக் கொண்டுதான் எட்வின் ஹப்பிள் புகழ் பெற்றார். 1990-ல் விண்ணுக்குப் போன டெலஸ்கோப்புக்கும் அவர் பெயரே. அந்த டெலஸ்கோப் என்.ஜி.சி. 1365-ல் இத்தகைய நட்சத்திரங்கள் சுமார் 50-ஐக் கண்டுபிடித்துத்தான் தூரத்தை அளந்தது.

ஹப்பிளின் புகழைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர் பெயர் வரும் பாடத்தில் இந்த அம்மையார் பெயரும் வரவேண்டும் என்றுதான் கேட்கிறோம். 1925-ல் ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர், நோபல் பரிசுக்கு அவரைச் சிபாரிசு செய்ய விரும்பிக் கடிதம் எழுதினார். அம்மையார் இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன!

சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு லீவிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும், பூமியிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில்.