சிக்கனம் தெரியாதவர் யார்?

"தோட்டத் தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியாது, சம்பள நாளன்று கையில் வாங்கியதை மறுநாள் காலைக்குள் தீர்த்துவிடுவான்!" இப்படி உபதேசம் செய்யும் கனவான்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் கேமரன் மலைக்கு வந்து பார்க்கட்டும். 1929-ல் போ தேயிலைத் தோட்டம் அங்கே தொடங்கப்பட்ட காலந்தொட்டு, நம் மக்கள் பனியில் நனைந்து கொழுந்தெடுத்திருக்கிறார்கள். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. மாறாதது ஒன்று உண்டு: பெரும்பாலும் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. வயதாகிப் பெயர் வெட்டப்பட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பால்மரக் காட்டில் இருக்கும் நமக்கும் இதே கதிதான். ஆகவே நமக்குச் சேமிப்பு என்பது வெறும் பேச்சல்ல. முதுமையில் தலைக்கு மேலே கூரை உண்டா, இல்லையா என்ற கேள்வி!

தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியாதா? சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அப்போது, 1960-ல், அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று தோட்டந்தோட்டமாகப் போய்க் கேட்டார். பால் வெட்டியவர்கள் கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பத்து வெள்ளியிலிருந்துதான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரன் தோட்டத்துக்குப் பங்காளியானான். இது சிக்கனம் தெரியாதவன் செய்த காரியமா?

இன்னொரு கணக்கும் உண்டு. 1982-ல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. சமுதாயத்தின் பொருளாதாரத்தை உயர்த்தப் போகிறோம் என்றார்கள். சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. 28 ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 2010-ல் பங்கு ஒன்றுக்கு 80 காசு விலை பேசப்பட்டது. சேமித்தவன் தவறினானா, சேமிப்பை ஆண்டவர்கள் தவறினார்களா? வாசகர்களே தீர்ப்பளிக்கட்டும்.

ஆனால் நம் மீதும் ஒரு குற்றம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. தலைவரின் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தோமே தவிர, கணக்கைப் பார்த்துக் கொடுக்கவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். நாமோ அளக்காமலே போட்டோம்.

இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. கூட்டுப் பிடிப்பதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் மாதாமாதம் கூட்டுக்குப் பணம் போகிறது. பிடித்தவர் ஒரு நாள் காணாமற் போனால், நம் கையில் ஒரு துண்டுக் காகிதம் உண்டா? அவசரத்துக்கு வட்டிக்காரனிடம் போகிறோம். உரிமம் பெற்றவன், அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். உரிமம் இல்லாதவனோ மாதத்துக்கு 10 விழுக்காடு கேட்கிறான். 1,000 வெள்ளிக்கு ஆண்டில் 1,200 வெள்ளி வட்டி கட்டிய பிறகும், அந்த 1,000 அப்படியே நிற்கும்!

நம்முடைய பெரிய சேமிப்பு 1951-ல் பிறந்த ஊழியர் சேமநிதி. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. அதில் தொழிலாளியின் பங்கு 187 வெள்ளி, முதலாளியின் பங்கு 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 வெள்ளி 80 காசு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடுவதா? 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டாலும், அதைத் தொடாமல் விட்டால் 20 ஆண்டில் 16,500 வெள்ளிக்கு மேல் நிற்கும். வேறொரு கணக்கிலுள்ள பணத்தை வீடு வாங்குவதற்கும் எடுக்கலாம். லயத்தை விட்டு இறங்குமுன் சொந்தக் கூரை தேட அதுவே வழி.

பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதும் 14,500 கோடி வெள்ளி சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டது. பசித்தவன் எடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. முதுமைக்கு வைத்ததைத் தின்று பசியாற வேண்டிய நிலைக்கு அவனைக் கொண்டுவந்து விட்ட சம்பளத்தைத்தான் குறை சொல்கிறோம். சேமிப்பைப் பற்றி உபதேசம் செய்பவர்கள் முதலில் சேமிக்கும்படியான சம்பளத்தைக் கொடுக்கட்டும். சிக்கனம் நம் கடமை. அது கூலி உயர்வுக்கு மாற்று அல்ல.

கிராணிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் சேமநிதிக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரியாத தொழிலாளிக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். வாரிசின் பெயர் எழுதப்படாமல் இருந்தால் எழுத வையுங்கள்.

தோழர்களே! பத்து வெள்ளியால் தோட்டம் வாங்கிய கைகள் நம்முடையவை. இனி அந்தக் கை பணத்தை நீட்டும்போதே வாய் கணக்கையும் கேட்கட்டும்!